பெருமழையும் பேரிடியும்

மழை வலுத்தால் இடியும் வலுக்கும் என்றும், ஆகையால் அடைமழை மாதங்களே மின்னலுக்கு அஞ்சவேண்டிய மாதங்கள் என்றும், துளி விழாதவரையில் வெளியில் நிற்பவனுக்கு யாதோர் அபாயமுமில்லை என்றும் இலங்கையில் படித்தவரும் பாமரரும் ஒருங்கே நம்பிவருகின்றனர். கேட்பதற்கு நியாயம்போலத் தோன்றும் இந்த அபிப்பிராயம் இந்நாட்டுப் பருவங்களின் இயல்புக்கு விரோதமானது.

ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைச் சரிவுகளில், தென்மேற்குப் பருவக்காற்று உக்கிரமாக வீசும் ஆனி, ஆடி மாதங்களில், கம்பளி போர்த்து இடுப்பில் படங்கு கட்டிய பெண்கள் நனைந்தபடியே கொழுந்தெடுக்க, மழை நாட்கணக்கில் ஓயாது கொட்டும், இடியோசையோ அபூர்வம். காரணம் வெளிப்படை. மின்னல் பிறக்க வேண்டுமாயின், மேகம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்திலுள்ள உறைநிலையைக் கடந்து வெகுதூரம் மேலெழுந்து, அங்கே பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் ஒன்றோடொன்று மோதி மின்னேற்றம் பெறவேண்டும். மலையில் முட்டிப் பொழியும் பருவமழை மேகங்களிற் பெரும்பாலானவை அவ்வளவு உயரம் எழுவதில்லை.

அவ்வாறு எழுவதற்கு உகந்த காலம், இரு பருவக்காற்றுகளும் ஓய்ந்திருக்கும் இடைக்காலமே. வீடுகளில் புத்தாண்டுப் பலகாரம் சுடும் சித்திரைப் பிறப்பையொட்டிச் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்க, காலையில் மாசற்றிருந்த வானத்தில், நிலத்தின் வெப்பமும் கடற்காற்றின் ஈரமும் கூடி நண்பகலுக்குப்பின் முகிலை மலைபோல் குவிக்க, மாலைக்குள் இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளில் இடி முழங்கத் தொடங்கிவிடுகிறது. ஐப்பசியிலும் இதே கதைதான். அம்மாதத்தில் மழையும் மிகுதியாக இருப்பது உண்மையே. நம் ஜனங்களின் தவறான நம்பிக்கைக்கு ஊட்டமளித்தது அந்த ஒற்றுமையாகவே இருக்கவேண்டும். ஆனால் ஒரு மாதத்துச் சேர்க்கையை ஆண்டு முழுமைக்கும் நியதியாக்குவது எந்தத் தர்க்கத்தில் சேரும்?

இது வெறும் ஏட்டு விவாதமன்று. மின்னல் மழையின் எல்லைக்கு வெளியே பல கிலோமீட்டர் தள்ளியும் தாக்கக்கூடியது. இடி காதில் விழுந்தால், மின்னல் எட்டும் தூரத்தில் நாம் நிற்கிறோம் என்று கொள்ளவேண்டும். மழையைக் காணோம் என்று வயலில் வரம்பு வெட்டிக்கொண்டிருப்பவனையும், தூறல் விழுந்ததும் தனிமரத்தடிக்கு ஓடுபவனையும் ஆபத்தில் தள்ளுவது இந்த நம்பிக்கையே. மழை விட்டவுடன் வெளியே வருவோருக்கும் ஒரு வார்த்தை: கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழியட்டும்.

வளிமண்டலவியல் திணைக்களம் இக்காலங்களில் மின்னல் எச்சரிக்கை விடுக்கத்தான் செய்கிறது. அதற்குச் செவிசாய்க்கும் அதிகாரம், மலைச்சரிவில் அந்திக் கொழுந்து எடுப்பவளிடம் இல்லை. ஆகவே தோட்ட நிர்வாகிகளை வேண்டுகிறோம்: பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும், முதல் இடி கேட்டவுடனே, துளி விழும்வரை காத்திராமல், வேலையாட்களைக் கொழுந்து மடுவத்துக்கு வரச்சொல்லுங்கள், அந்த நேரத்துக்காக அவர்களுடைய பேரில், அதாவது நாட்கூலியில், பாதியை வெட்டாதீர்கள்.