நிர்வாகம் என்பது மிரட்டலா?

பனியன் கம்பெனி மேனேஜர் என்றால் யார்? கையிலே குறிப்பேடு, கண்ணிலே கடுகடுப்பு, வாயிலே “இன்றிரவே முடித்தாக வேண்டும்” என்ற கட்டளை! இதுதானா நிர்வாகம்? இல்லை, தோழர்களே, இல்லை!

கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. நூல் வந்தது தாமதம். சாயப்பட்டறையிலிருந்து துணி திரும்பியதும் தாமதம். அத்தனை தாமதமும் யார் தலையில் விடிகிறது? ஓவர்லாக் டெய்லரின் தலையில். செக்கிங் மேசைப் பெண்ணின் தலையில்! திட்டமிடத் தெரியாதவர் ஒருவர். தூக்கம் இழப்பவர் இன்னொருவர்! மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னதே, அது ஏட்டுச் சுரைக்காய்தானா?

1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் கண்ட ஊர் திருப்பூர். பேசித் தீர்க்கும் திறன் அன்றே இருந்திருந்தால், அத்தனை நாள் அடுப்பு அணைந்திருக்குமா?

இங்கே முதலாளிகளில் பலர், ஒரு காலத்தில் மெஷினில் அமர்ந்தவர்கள். முதுகுவலி அவர்கள் அறியாததல்ல, மறந்தது!

நாம் கேட்பது சலுகையல்ல. வேலைக்கு நாள் குறிக்கும்போதே தொழிலாளியையும் அழைத்துக் கேளுங்கள். ஒரு நாளில் எத்தனை உருப்படி முடியும் என்பதை, தைக்கும் கையைவிட அறிந்தவர் யார்?

நாளை நம் தோழரே சூப்பர்வைசர் ஆகலாம். நாற்காலி வரட்டும், மெஷினை மட்டும் மறவாதீர்!