காலி நாற்காலிக்கு யார் பொறுப்பு? – ஓக்லாந்து அத்லெட்டிக்ஸின் கடைசி சீசன் சொல்லும் கதை

2024 செப்டம்பர் 26, வியாழக்கிழமை மதியம். வேலை நாள். ஆனாலும் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் உள்ள கொலிசியம் மைதானத்தில் 46,889 பேர் கூடியிருந்தார்கள். இத்தனைக்கும் ஆடியது சாம்பியன் அணி இல்லை. அந்த ஆண்டின் 162 ஆட்டங்களில் 69-ல் மட்டும் ஜெயித்து, 93-ல் தோற்று சீசனை முடித்த அணி. பிளேஆஃப் சுற்றுக்குப் போகும் வாய்ப்பு எப்போதோ கைவிட்டுப் போயிருந்தது.

டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியை 3-2 என்று வென்று ஆட்டம் முடிந்தது. கூட்டம் கலையவில்லை. மேனேஜர் மார்க் கோட்சே மைக்கைப் பிடித்து ரசிகர்களுக்கு நன்றி சொன்னார். கடைசியாக ஒருமுறை ‘லெட்ஸ் கோ ஓக்லாந்து’ கோஷம் போடச் சொன்னார். மைதானப் பராமரிப்பாளர்கள் ஆடுகளத்து மண்ணை அள்ளிக் கொடுக்க, பெரியவர்களும் குழந்தைகளும் கப்பிலும் பையிலும் வாங்கிக்கொண்டு போனார்கள். 57 சீசன்களாக அங்கே ஆடிய அணி, அன்றோடு ஊரை விட்டுப் போனது.

போவதற்கு அணி நிர்வாகமும் லீக்கும் சொன்ன காரணங்கள் இரண்டு. மைதானம் பழசு, கூட்டம் வருவதில்லை. முதல் காரணம் உண்மை. இரண்டாவதைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கூட்டம் வராமல் போனது தானாக நடந்த விஷயம் இல்லை.

‘மணிபால்’ அணிதான் இது

பேஸ்பால் அவ்வளவாகத் தெரியாதவர்களுக்கும் இந்த அணி தெரிந்திருக்கும். 2011-ல் பிராட் பிட் நடித்து வந்த ‘மணிபால்’ படம் இவர்களின் கதைதான். 2002-ல் நியூயார்க் யாங்கீஸின் சம்பளச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, தொடர்ச்சியாக 20 ஆட்டங்களில் ஜெயித்தது அத்லெட்டிக்ஸ். அந்த சீசனில் மொத்தம் 103 வெற்றி. மற்ற அணிகள் மதிப்புத் தெரியாமல் விட்ட வீரர்களைப் புள்ளிவிவரத்தை வைத்துக் கண்டுபிடித்தார் அணியின் பொது மேலாளர் பில்லி பீன்.

படம் ஒரு வேலையைச் செய்தது. சிக்கனத்தை வீரம் ஆக்கிவிட்டது. காசு இல்லாதவன் மூளையால் ஜெயிக்கிறான் என்ற கதை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் காசு இல்லாததும், காசு இருந்தும் செலவு செய்யாததும் ஒன்றில்லை. படம் வந்த பிறகான ஆண்டுகளில் இந்த இரண்டுக்கும் இருந்த கோடு மெல்ல மெல்ல அழிந்துபோனது.

அணியின் உரிமையாளர் ஜான் ஃபிஷர். ‘கேப்’ என்ற உலகப் புகழ்பெற்ற துணிக்கடை நிறுவனத்தைத் தொடங்கிய குடும்பத்தின் வாரிசு. 2005-ல் லூ உல்ஃப் என்பவரோடு சேர்ந்து 18 கோடி டாலருக்கு அணியை வாங்கினார். 2024-ல் ஃபோர்ப்ஸ் இதழ் போட்ட மதிப்பு சுமார் 120 கோடி டாலர். அணி தோற்றாலும், மைதானம் ஓட்டை உடைசலாகக் கிடந்தாலும் சொத்து மதிப்பு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

கூட்டம் எப்படிக் காணாமல் போனது?

ஓக்லாந்துக்காரர்களுக்கு பேஸ்பால் பிடிக்காது என்று யாரும் சொல்ல முடியாது. 1990-ல் ஒரே சீசனில் 29 லட்சம் பேர் கொலிசியத்துக்கு வந்தார்கள். அப்போது அணி தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக உலகத் தொடர் இறுதிக்குப் போனது. இது பழங்கதை என்று தள்ளினால், 2014-ல்கூட 20 லட்சம். 2019-ல் 16 லட்சத்துக்கு மேல்.

2021-ல் அணி 86 ஆட்டங்களில் ஜெயித்தது. நல்ல இளம் வீரர்கள் இருந்தார்கள். அதன் பிறகு நடந்ததைத் தேதி வாரியாகப் பார்த்தாலே போதும். 2022 மார்ச் மாதம் ஒரே வாரத்துக்குள் கிறிஸ் பேசிட், மேட் ஓல்சன், மேட் சாப்மேன் மூவரும் வேறு அணிகளுக்கு மாற்றப்பட்டார்கள். ஏப்ரலில் ஷான் மனாயா. ஆகஸ்டில் ஃபிராங்கி மோன்டாஸ். டிசம்பரில் ஷான் மர்ஃபி. ஆளை எல்லாம் அனுப்பிவிட்ட அதே ஆண்டில் சீசன் டிக்கெட் விலையையும் ஏற்றினார்கள். சரக்கு மட்டம், விலை கூடுதல். எந்தக் கடைக்காரரும் வாடிக்கையாளர் குறைய வேண்டும் என்று நினைத்தால் ஒழிய இப்படிச் செய்ய மாட்டார்.

விளைவு எதிர்பார்த்ததுதான். 2022-ல் 102 தோல்வி, சீசன் முழுக்க வந்தவர்கள் 7.88 லட்சம் பேர். 2023-ல் 112 தோல்வி, 8.32 லட்சம் பேர். அதற்குள் லாஸ் வேகாஸில் இடம் பேசி முடித்ததாக 2023 ஏப்ரலில் அறிவிப்பும் வந்துவிட்டது. பெட்டி கட்டிக்கொண்டிருக்கிற வீட்டுக்கு விருந்தாளி வரவில்லை என்று குறைப்படுகிற மாதிரி, காலி நாற்காலிகளின் படத்தைக் காட்டி ‘பாருங்க, ஊர்க்காரங்க வரலை’ என்ற பேச்சு எழுந்தது.

இதில் வேடிக்கை, சில ஆண்டுகளுக்கு முன்னால் அணி நிர்வாகமே ‘ரூட்டட் இன் ஓக்லாந்து’ என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தது. ஓக்லாந்து மண்ணில் வேர்விட்டவர்கள் என்று அர்த்தம். கடைசியில் மண்ணை ரசிகர்கள்தான் கப்பில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ரசிகர்கள் சும்மா இருக்கவும் இல்லை. 2023 ஜூன் 13 அன்று ‘தலைகீழ்ப் புறக்கணிப்பு’ என்று ஒரு போராட்டம் நடத்தினார்கள். வழக்கமாகப் புறக்கணிப்பு என்றால் போக மாட்டோம் என்பது. இவர்கள், எல்லோரும் போவோம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை இரவு 27,759 பேர் வந்தார்கள். பலர் போட்டிருந்த பச்சை டி-ஷர்ட்டில் ஒரே வார்த்தை: ‘செல்’. அணியை விற்றுவிட்டுப் போ என்று உரிமையாளருக்குச் சொன்ன சேதி. அன்று சீசனின் சிறந்த அணிகளில் ஒன்றான டாம்பா பே ரேஸை அத்லெட்டிக்ஸ் 2-1 என்று ஜெயித்தது. அதே நாளில் நெவாடா மாகாண செனட், வேகாஸ் மைதானத்துக்கான மசோதாவை நிறைவேற்றியது. இரண்டு நாள் கழித்து, லீக்கின் தலைவர் ராப் மான்ஃப்ரெட், ஒரு ராத்திரிக்காவது லீக்கின் சராசரி அளவுக்குக் கூட்டம் வந்ததில் மகிழ்ச்சி என்கிற தொனியில் பேசினார். அந்தக் குத்தலை ஓக்லாந்து இன்னும் மறக்கவில்லை.

நகரம் மட்டும் யோக்கியமா?

அணியின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. 1966-ல் திறந்த கொலிசியம் ரொம்பவே பாழாகிவிட்டது. 2013-ல் கழிவுநீர் பொங்கி, இரண்டு அணி வீரர்களும் வேறொரு உடைமாற்றும் அறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய நிலை வந்தது. 2023-ல் வெளியூர் வர்ணனையாளர்களின் அறையில் ‘போசம்’ என்கிற பிராணி குடியேறி, அங்கிருந்து ஒளிபரப்பு செய்ய முடியாமல் போனது. அதைத் துறைமுகத்தை ஒட்டிய ஹோவர்ட் டெர்மினல் என்ற இடத்தில் 1,200 கோடி டாலர் திட்டமாக, புது மைதானம், வீடுகள், கடைகள் எல்லாம் சேர்த்துக் கட்டுவதாகப் பல வருடம் பேச்சு நடந்தது. நகர நிர்வாகம் இழுத்தடித்தது என்ற குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆனால், ஓக்லாந்து ஏன் தயங்கியது என்பதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1995-ல் ரெய்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியைத் திரும்ப அழைத்து வர, நகரமும் அலமீடா மாவட்டமும் கடன் வாங்கி இதே கொலிசியத்தில் ஒரு ராட்சதப் பார்வையாளர் மாடத்தைக் கட்டிக்கொடுத்தன. பின்னால் தெரிந்த மலைக் காட்சியையே அது மறைத்துவிட்டது. 2020-ல் ரெய்டர்ஸும் லாஸ் வேகாஸுக்குப் போய்விட்டது. அணி போன பிறகும் கடனைக் கட்டியது ஓக்லாந்து மக்களின் வரிப்பணம். நடுவில் 2019-ல் கூடைப்பந்து அணியான வாரியர்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்கு இடம் மாறியது. ஒருமுறை சூடு பட்டவர்கள், அடுத்த கோடீஸ்வரருக்குக் கையெழுத்துப் போடும்முன் யோசித்ததைக் குற்றம் என்று சொல்ல முடியுமா?

இங்கேதான் அமெரிக்க விளையாட்டு லீக்குகளின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். அவ்வளவுதான். ஐரோப்பியக் கால்பந்து மாதிரி கடைசியில் வந்த அணி கீழ் லீக்குக்கு இறங்குவதும், கீழே ஜெயித்த ஊர் அணி மேலே வருவதும் இங்கே கிடையாது. எவ்வளவு மோசமாக ஆடினாலும் அத்லெட்டிக்ஸின் இடம் பத்திரம். மேலும் 1922-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பால், ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து பேஸ்பாலுக்கு விலக்கு இருக்கிறது. மற்ற பெரிய விளையாட்டுகளுக்கு இல்லாத சலுகை இது. அணிகளின் எண்ணிக்கை குறைவு, அணி கேட்கும் ஊர்கள் அதிகம். அதனால் ‘கொடுக்கலேன்னா கிளம்புறோம்’ என்று உரிமையாளர் சொன்னால் அது வெறும் மிரட்டல் இல்லை.

நெவாடா கொடுத்தது: 38 கோடி டாலர் வரை பொதுப்பணம். அங்கேயும் ஆசிரியர் சங்கம் எதிர்த்தது, மக்கள் வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்டது, நீதிமன்றத்தில் அது எடுபடவில்லை. 2023 நவம்பரில் 30 அணி உரிமையாளர்களும் ஒருமனதாக இடமாற்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். ஓக்லாந்து ரசிகனின் ஓட்டு எங்கேயும் கேட்கப்படவில்லை.

இன்னொரு விஷயம். வருமானம் அதிகமுள்ள அணிகள் தங்கள் பணத்தில் ஒரு பகுதியைக் குறைந்த வருமானமுள்ள அணிகளுக்குத் தரும் ஏற்பாடு லீக்கில் உண்டு. 2022-ல் அத்லெட்டிக்ஸ் மறுபடி அதில் சேர்க்கப்பட்டபோது ஒரு நிபந்தனை இருந்தது: 2024 ஜனவரி 15-க்குள் புது மைதானத்துக்கு ஒப்பந்தம் முடித்திருக்க வேண்டும். இழுத்துக்கொண்டே போன ஓக்லாந்துப் பேச்சு திடீரென முறிந்து வேகாஸ் பக்கம் வேகம் பிடித்ததை இந்தத் தேதியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்த 2024 சீசன்

இப்படி ஒரு சூழ்நிலையில்தான் 2024 சீசன் தொடங்கியது. முதல் நாள் ரசிகர்களில் பலர் உள்ளே போகாமல் வாகன நிறுத்துமிடத்திலேயே கூடி, பாட்டும் கோஷமுமாக ஒரு திருவிழா நடத்தினார்கள். உள்ளே அணி 0-8 என்று தோற்றது. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 4 அன்று, வேகாஸ் மைதானம் தயாராகும்வரை சாக்ரமென்டோவில் ஒரு சிறிய மைதானத்தில் ஆடப்போவதாக அறிவிப்பு வந்தது. வீரர்களுக்கு மீதி ஐந்தரை மாதம், விட்டுப் போகப்போகிற ஊரின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஆட வேண்டிய நிலை.

ஆச்சரியம், நன்றாகவே ஆடினார்கள். முந்தைய ஆண்டைவிட 19 வெற்றி அதிகம். பிரென்ட் ரூக்கர் 39 ஹோம் ரன் அடித்தார். முதல் முழு சீசன் ஆடிய மேசன் மில்லர் மணிக்கு 100 மைலுக்கு மேல் பந்தை எறிந்து ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். இத்தனையும் 30 அணிகளிலேயே மிகக் குறைந்த சம்பளச் செலவில். போகிறது என்று உறுதியான பிறகும் அந்த ஆண்டு வந்தவர்கள் 9.22 லட்சம் பேர். முந்தைய இரண்டு ஆண்டுகளையும்விட அதிகம்.

கடைசி நாளில் முதல் பந்தை எறிந்தவர்கள் ரிக்கி ஹென்டர்சனும் டேவ் ஸ்டூவர்ட்டும். இருவரும் ஓக்லாந்தில் வளர்ந்து, ஓக்லாந்துக்காக ஆடி, 1989-ல் கோப்பை வாங்கித் தந்தவர்கள். ‘மணிபால்’ ஆண்டின் நட்சத்திரப் பிட்சர் பேரி ஜீட்டோ தேசிய கீதம் பாடினார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 20 அன்று ஹென்டர்சன் காலமானார். அந்த மைதானத்தின் ஆடுகளத்துக்கு அவர் பெயர்தான்.

சாக்ரமென்டோவுக்குப் போன பிறகு அணியின் பெயரில் ஊரே இல்லை. ‘அத்லெட்டிக்ஸ்’, அவ்வளவுதான். மைதானத்தில் சுமார் 14 ஆயிரம் பேர் உட்காரலாம், அதைக் கீழ்நிலை லீக் அணி ஒன்றோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு டிவி ஒரு முக்கியக் காரணம். அங்கே ஆடினால் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி ஒளிபரப்பு வருமானத்தில் பெரும்பகுதி தொடரும். ஆட்டம் பார்க்க ஆளே இல்லை என்று சொல்லப்பட்ட அதே ஓக்லாந்து மக்கள், டிவி ஒப்பந்தத்தில் மட்டும் காசு தரும் பார்வையாளர்களாக எண்ணப்பட்டார்கள்! வேகாஸ் மைதானத்துக்கு 2025 ஜூனில் பூமி பூஜை மாதிரி ஒரு விழா நடந்தது. திறப்பு 2028-ல் என்கிறார்கள். செலவு மதிப்பீடு 150 கோடி டாலரில் தொடங்கி 200 கோடியைத் தொட்டுவிட்டது.

ஓக்லாந்தில் இப்போது ‘பாலர்ஸ்’ என்று ஒரு சின்ன அணி இருக்கிறது. அத்லெட்டிக்ஸ் போவது உறுதியானதும் இரண்டு உள்ளூர் நண்பர்கள் தொடங்கியது. மேற்கு ஓக்லாந்தில் ஒரு பொதுப் பூங்காவைச் சீரமைத்து அங்கே ஆடுகிறார்கள். ரசிகர்களே ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுப் பங்கு வாங்கியிருக்கிறார்கள், அப்படி 2,000-க்கும் மேற்பட்டவர்கள். 2025-ல், தங்கள் இரண்டாவது சீசனிலேயே, பயனியர் லீக் கோப்பையை வென்றார்கள்.