சிமெண்டு முற்றத்தில் கீரை முளைக்குமா?

கோவை வட்டாரத்தில் "தோட்டம்" என்றால் பூச்செடி வைத்த இடம் அல்ல. கிணறு இருக்கும். தண்ணீர் பாயும். மஞ்சளோ, வாழையோ, கரும்போ நிற்கும். மழையை நம்பிய பூமிக்குப் பெயர் "காடு". எது தோட்டம், எது காடு என்று தெரியாத பிள்ளை ஒரு காலத்தில் கொங்கு நாட்டில் கிடையாது.

இன்று உண்டு. கோவையிலும் திருப்பூரிலும் லைன் வீடுகளில் எத்தனையோ குழந்தைகள் வளர்கின்றன. வாசல்படி இறங்கினால் சாக்கடை. அதைத் தாண்டினால் தார் ரோடு. தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். "வெளியே போகாதே கண்ணு" என்பதுதான் அந்தக் குழந்தை அதிகம் கேட்கும் வார்த்தை.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு மிஞ்சியிருக்கும் திறந்தவெளி, பாலர் பள்ளியின் முற்றம் ஒன்றுதான். அதையும் சிமெண்டு போட்டு மூடிவிடுகிறார்கள். சுத்தமாக இருக்கிறதாம்! கூட்டுகிறவருக்கு அது வசதி. குழந்தைக்கு என்ன வசதி?

பெயரிலேயே முற்றம்

1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, நாட்டில் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது. "அங்கன்" என்ற இந்திச் சொல்லுக்கு முற்றம் என்று பொருள். முற்றம் இல்லாத அங்கன்வாடி, கிணறு இல்லாத தோட்டம் மாதிரி.

பணம் கட்டிச் சேர்க்கும் பள்ளிகளின் கதையும் இதுவே. எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்கிறார்களே, அந்த "கே.ஜி." என்ன? "கிண்டர்கார்டன்" என்ற ஜெர்மன் சொல். அதன் பொருள் குழந்தைகள் தோட்டம். பிரோபெல் என்ற ஜெர்மானிய ஆசிரியர் 1840-ல் தம் பள்ளிக்கு வைத்த பெயர் அது. அவர் வெறும் பெயரோடு நிற்கவில்லை. குழந்தைகளுக்குச் சின்னச் சின்னப் பாத்திகளைப் பிரித்துக் கொடுத்தார். எல்லோருக்கும் பொதுவாகவும் பாத்திகள் இருந்தன. தோட்டம் போய், இன்று இரண்டு எழுத்து மட்டும் மிஞ்சி நிற்கிறது.

மாண்டிசோரி அம்மையாரின் பெயரையும் தமிழ்நாட்டுப் பெற்றோர் அறிவார்கள். அவர் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தவர். யுத்த காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தவர். செடி வளர்க்கும் குழந்தையைப் பற்றி அவர் சொன்னது எளிய விஷயம். தண்ணீர் ஊற்றாவிட்டால் செடி வாடும். அதைக் குழந்தைக்கு யாரும் அதட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வாடிய செடியே சொல்லிவிடும்.

கோவைக்கு இது புதிய பாடமும் அல்ல. 1957-லேயே பெண்களுக்கென்று அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தோன்றிய ஊர் இது.

யார் போடும் தோட்டம்?

சில பள்ளிகளில் தோட்டம் இருக்கத்தான் செய்கிறது. ஆள் வைத்துப் போட்ட தோட்டம். விலைக்கு வாங்கிய குரோட்டன்ஸ் தொட்டிகள். "பூக்களைப் பறிக்காதீர்கள்" என்று ஒரு பலகை. எழுத்துத் தெரியாத குழந்தைக்குப் பலகை எதற்கு? அது திறப்பு விழாவுக்கு வந்த பெரியவர்களுக்கான தோட்டம்.

குழந்தை தன் கையால் போட்ட தோட்டமே குழந்தையின் தோட்டம். கோணலாக இருக்கட்டும். ஒரே குழியில் பத்து விதை விழட்டும். முளைத்துவிட்டதா என்று மறுநாளே தோண்டிப் பார்க்கத்தான் செய்வார்கள். பார்க்கட்டும்.

முதலில் தட்டைப்பயறு. சின்ன விரலுக்கு ஏற்ற பெரிய விதை. ஈரம் இருந்தால் நாலைந்து நாளில் தலை காட்டும். அடுத்து முளைக்கீரை. அதன் விதை தூள் மாதிரி இருக்கும். மணலோடு கலந்து தூவ வேண்டும். 25 நாளில் கீரை கைக்கு வந்துவிடும். அதற்கு மேல் காத்திருக்கும் பொறுமை மூன்று வயதுக்கு ஏது? பாத்தி இரண்டடி அகலம் போதும். அதிகமானால் கை எட்டாமல் செடியை மிதித்துவிடுவார்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இளஞ்செடியைச் சாய்த்துவிடும். ஐப்பசி மழையில் தொடங்குவதே நல்லது.

சாப்பிட்டுக் கை கழுவும் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்பலாம். மதியம் தின்ற முட்டையின் ஓட்டை நொறுக்கி மண்ணில் போடலாம். பக்கத்தில் ஒரு மணல் குழி வேண்டும். இரவில் அதை மூடி வைக்காவிட்டால் பூனைகள் அசுத்தம் செய்துவிடும். இரும்புச் சறுக்கு மரத்தை வேப்ப மர நிழலில் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் அது தோசைக்கல்! அரளியும் ஆமணக்கும் கூடவே கூடாது. அவை விஷம். பழைய டயர்களில் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு வரும். ஓட்டை போட்ட பிறகே டயரில் மண் நிரப்ப வேண்டும்.

"வாடகைக் கட்டடம். இடம் ஏது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாலு பழைய சாக்கில் மண் நிரப்பினால் அதுவும் தோட்டம்தான். ஆனால் புதுக் கட்டடம் கட்டும்போதே முற்றத்தை மூடுகிறவர்களுக்கு இந்தச் சாக்குச் செல்லாது.

"சட்டை அழுக்காகுமே" என்பார்கள் தாய்மார்கள். ஆகும். சட்டைக்கும் கைக்கும் சோப்பு இருக்கிறது.

டீச்சரம்மா ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டுவதும் தவறு. அவருக்குப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். பதிவேடு எழுத வேண்டும். வீட்டில் அப்பாரும் அப்புச்சியும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே! ஏற்றம் இறைத்தவர்கள், பாத்தி கட்டியவர்கள். வாரம் ஒரு நாள் அவர்களை அழைத்தால் ஓடி வருவார்கள். மண்வெட்டி பிடிக்க அவர்களைவிட நல்ல வாத்தியார் யார்?

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பள்ளி கிடையாது. அன்று தண்ணீர் ஊற்றுவது யார்? அடுத்த வீட்டுக்காரரிடம் சனிக்கிழமையே சொல்லி வைக்க வேண்டும். அதையும் குழந்தைகளே போய்ச் சொல்லட்டும். அவர் மறுக்க மாட்டார்.