முதுமையில் கல்லீரல் புற்று: அறுவையா, ஊசியா?



"எழுபத்தைந்து வயதாகிவிட்டது, இனி எதற்கு மருத்துவம்?" என்பார் ஒரு மகன். "எவ்வளவு செலவானாலும் அறுத்தெடுத்துவிட வேண்டும்" என்பார் இன்னொருவர். கல்லீரலில் சிறு புற்றுக்கட்டி இருப்பதாக அறிந்த வீட்டில் இவ்விரு குரல்களும் ஒரே நாளில் எழுவதுண்டு. வாப்பாவின் விருப்பத்தைக் கேட்டவர் பெரும்பாலும் எவருமிலர்.

மருத்துவம் செய்துகொள்ளுமாறும், முதுமை ஒன்றைத் தவிர எந்நோய்க்கும் அல்லாஹ் நிவாரணம் வைத்திருப்பதாகவும் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தியை உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிக்கிறார்கள். அது திர்மிதீயிலும் அபூதாவூதிலும் உள்ளது. முதல் குரலுக்குரியோர் இதையே சான்றாக்குகின்றனர். ஆனால் அங்கே விலக்களிக்கப்பட்டது முதுமை. முதுமையில் வந்த நோயன்று.

இனி இரண்டாம் குரல். அறுவையில் கட்டியோடு கல்லீரலின் ஒரு பகுதியும் நீக்கப்படுகிறது. எஞ்சிய பகுதி உடலைத் தாங்க வேண்டும். இப்புற்றோ பெரும்பாலும் ஹெபடைடிஸ் கிருமியாலும் மதுவாலும், மது தொடாதவர்க்குக்கூட நீரிழிவோடு சேர்ந்த கொழுப்பாலும் முன்பே வடுப்பட்ட கல்லீரலில்தான் தோன்றுகிறது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது வயதையன்று, கல்லீரலின் வலிமையை.

அப்லேஷன் எனும் முறையில், ஸ்கேன் துணையோடு தோல்வழியே ஊசி செலுத்தி, ரேடியோ அலை அல்லது மைக்ரோவேவ் வெப்பத்தால் கட்டியை அவ்விடத்திலேயே கருக்குகின்றனர். உடல் இழப்பது குறைவு. பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புகின்றனர். இது ஏழைகளுக்கான அரைகுறை மருத்துவம் என்னும் எண்ணம் பிழையானது. ஜப்பானில் 3 செ.மீ.க்கு மேற்படாத கட்டிகள் மூன்று வரை உடைய ஏறத்தாழ 300 பேரை இரு பிரிவாக்கி ஒப்பிட்ட ஆய்வில், உயிர்வாழ்விலோ நோய் மீளாதிருந்த காலத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அத்தகைய சிறு கட்டியுடைய முதியவர்க்கு ஊசிமுறையையே முதலில் ஆராய வேண்டும் என்பது என் கருத்து.

எனினும் அதற்கும் எல்லையுண்டு. கட்டி 3 செ.மீ.யைக் கடந்தால் முழுதும் கருகுவது அரிதாகிறது. பெரிய இரத்தக்குழாயை ஒட்டியிருந்தால் ஓடும் இரத்தமே வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். ஃபஜ்ருக்குத் தாமே நடந்து பள்ளிவாசல் செல்லும், கல்லீரல் நலமாயுள்ள எழுபத்தைந்து வயதினருக்கு 4 செ.மீ. கட்டி இருப்பின், வயதைக் காட்டி அறுவையை மறுப்பது அநீதி.

எதைத் தேர்ந்தாலும், வடுப்பட்ட அதே கல்லீரலில் புதிய கட்டி முளைக்கக்கூடும். ஆதலால் தொடக்கத்தில் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் தேவைப்படும். சிகிச்சைக்குப் பெருந்தொகை திரட்டும் குடும்பங்கள் இதிலேதான் தளர்கின்றன. அடுத்த ஆண்டு வாப்பாவை ஸ்கேனுக்கு அழைத்துச் செல்பவர் யார் என்பதையும் முதல் மஷூராவிலேயே, அவரையும் அமர்த்திக்கொண்டு முடிவுசெய்துவிடுங்கள்.