கர்ணத்தின் கூட்டல்

2000 செப்டம்பர் 19. சிட்னி ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 69 கிலோ பளுதூக்கும் போட்டி. கர்ணம் மல்லேஸ்வரி ஸ்னாட்ச் பிரிவில் 110 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 130 கிலோ, ஆக மொத்தம் 240 தூக்கிவிட்டார். கையில் இன்னும் ஒரு வாய்ப்பு. தங்கம் வென்ற சீனாவின் லின் வெய்னிங், வெள்ளி வென்ற ஹங்கேரியின் எர்ஷெபெத் மார்குஷ் இருவரின் கணக்கும் 242.5-இல் முடிந்தது. போட்டி முடிந்த தாளை வைத்துக் கூட்டிப் பார்த்தால், கடைசி வாய்ப்பில் மல்லேஸ்வரி 135 தூக்கியிருந்தால் 245. தங்கம். ஆனால் அவர் முன்னால் கம்பியில் மாட்டப்பட்டிருந்தது 137.5. அது ஏறவில்லை.

வெண்கலம் கிடைத்தது. ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயரும் கிடைத்தது. அதைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. இருந்தாலும் அந்த இரண்டரைக் கிலோ உறுத்திக்கொண்டே இருக்கிறது. பளுதூக்குவது தோளும் தொடையும் சம்பந்தப்பட்ட விஷயம் என்று நாம் நினைக்கிறோம். பாதிப் போட்டி மேடைக்குப் பின்னால் தாளில் நடக்கிறது. எதிராளி என்ன கேட்பார், நாம் என்ன கேட்பது, எத்தனை கூட்டினால் போதும் என்று பயிற்சியாளர்கள் கூட்டிக் கழித்து எண்ணைச் சொல்வார்கள். தூக்குகிறவர் அந்த எண்ணை நம்பி மேடையேற வேண்டும். கூட்டுவது ஒருவர், சுமப்பது இன்னொருவர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பெண்ணின் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘கர்ணம்’ என்ற வீட்டுப் பெயருக்கே கணக்கர் என்றுதான் அர்த்தம். ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலரின் மகள். வளர்ந்தது ஸ்ரீகாகுளம் பக்கம் ஆமதாலவலசாவில். பிறந்த ஊர் சித்தூர் என்று சில குறிப்புகள் சொல்கின்றன, ஸ்ரீகாகுளமே என்று வேறு சில சொல்கின்றன. எதுவானாலும், முன்னோரில் யாரோ ஒருவர் ஊர்க் கணக்குக் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்திருக்க வேண்டும்.

சித்தூர் பக்கத்தில் கர்ணம் யார் என்று வயதானவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1911-இல் உருவான மாவட்டம், 1953 வரை சென்னை ராஜ்யத்தோடு இருந்தது. திருத்தணி 1960-இல் நம் பக்கம் வந்தது, சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றுவிட்டன. கடைத்தெருவில் இன்றும் ஒரே வாக்கியத்தில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. அங்கே கரணம், இங்கே கர்ணம் அல்லது கணக்குப்பிள்ளை. வேலை ஒன்றுதான். எந்த சர்வே எண்ணில் யார் உழுகிறார், என்ன விளைந்தது, எவ்வளவு தீர்வை என்று அடங்கலில் எழுதுவது, சிட்டா வைத்திருப்பது, வருஷத்துக்கு ஒரு முறை ஜமாபந்தியில் எல்லாவற்றையும் அதிகாரி முன்னால் பரப்பிக் காட்டுவது.

மணியக்காரர் அதட்டுவார், தலையாரி வாசலில் வந்து நிற்பார். ஆனால் ஊர் பயந்தது கர்ணத்தின் பேனாவுக்கு. எழுதப் படிக்கத் தெரியாத குடியானவனுக்குத் தன் நிலம் தன்னுடையதுதானா என்பதே அந்தப் பேனா சொல்லித்தான் தெரியும். ஒரு சுழி மாறினால் ஒரு கிணறு கைமாறும். நேர்மையானவர்கள் இருந்தார்கள், ஒவ்வொரு கல்லும் வரப்பும் மனப்பாடமாக வைத்திருந்தவர்கள். எதிர்ரகமும் இருந்தது. அதைப்பற்றிக் கிராமத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

கணக்கு அவர்களுக்குத் தொழில் என்பதைவிடக் குடும்பச் சொத்து. 1895-ஆம் வருஷத்து சென்னைச் சட்டம் ஒன்று கிராம உத்தியோகங்கள் பரம்பரையாக வருவதை முறைப்படுத்திக் கொடுத்தது. அப்பாவுக்குப் பின் மகன். பையன் பள்ளிக்கூடத்துக் கணக்கில் கோட்டை விட்டாலும் நில அளவைச் சங்கிலியைப் பிடித்தே வளர்ந்திருப்பான். உத்தியோகத்தில் பரம்பரை உரிமை அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தெனாலி தாலுகாவில் ஒரு கிராம முன்சீப் பதவிக்காக நடந்த வழக்கு அது. முழு முற்றுப்புள்ளி வைத்தவர்கள் இரண்டு சினிமா நடிகர்கள். தமிழ்நாட்டில் 1980-இல் எம்.ஜி.ஆர்., ஆந்திரத்தில் 1984 ஜனவரியில் என்.டி.ஆர். இருவரும் அவசரச் சட்டம் போட்டுத்தான் செய்தார்கள், இரண்டையும் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒழித்தது சரி என்பதுதான் என் கட்சி. ஒருவரே எழுதி, ஒருவரே வைத்திருந்து, அவர் மகனே சரிபார்க்கும் கணக்கு எத்தனை நாள் கணக்காக இருக்கும்?

எண்ணுகிறவரை எப்படி நம்புவது என்ற கேள்வி சித்தூரின் வயல்களோடு நின்றுவிடவில்லை. எழுபது கிலோமீட்டர் தள்ளி, திருப்பதி மலைமேல், சாமிக்கே அது பெரிய கேள்வி.

ஏழுமலையான் ஒரு குடும்பஸ்தன். ஆகாச ராஜன் மகள் பத்மாவதியைக் கட்டிக்கொள்ள குபேரனிடம் கடன் வாங்கினார், பிரம்மாவும் சிவனும் சாட்சி, இந்த யுகம் முடியும்வரை வட்டி கட்டுகிறார் என்பது தலபுராணம். கல்யாணச் செலவுக்குக் கடன் வாங்கி வட்டியில் மாட்டிக்கொண்ட தெய்வம் என்றால் நடுத்தரக் குடும்பத்துக்கு இதைவிட நெருக்கமாக யார் இருக்க முடியும்? தெலுங்கில் அவருக்கு ‘வட்டிக்காசுக்காரர்’ என்றே ஒரு பெயர். நம் வீடுகளில் பையனுக்கு ஜுரம் என்றால் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி அலமாரியில் வைப்பார்கள். அதுவும் கணக்குதான். முடிச்சு மலை ஏறும்வரை அம்மா அதை மறக்கமாட்டாள். பக்தி என்றால் கணக்குப் பார்க்காதது என்று பேசுகிறவர்கள் இந்த முடிச்சுகளைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

ஆனால் மலைமேல் சேர்ந்த காசுக்குக் கணக்கு வைத்தவர்களின் கதை அவ்வளவு புனிதமானதல்ல. ஆற்காட்டு நவாப் தன் கடனுக்காகத் திருப்பதி வருமானத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒதுக்கிக் கொடுத்த காலம் உண்டு. சாமியின் கடன் போதாதென்று நவாபின் கடனும் அவர் தலையில். 1801-இல் கம்பெனியே நிர்வாகத்துக்கு வந்தது. 1821-இல் ‘புரூஸ் கோட்’ என்று ஒரு விதித்தொகுப்பு, கோயிலில் எது எப்படி நடக்க வேண்டும் என்று. 1843-இல், இந்துக் கோயிலைக் கிறிஸ்துவ அரசு நடத்துவதாவது என்று இங்கிலாந்தில் எழுந்த எதிர்ப்பை அடுத்து, பொறுப்பு ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் போனது.

இந்த மடத்தின் மூலபுருஷர் ஹாதிராம் பாவாஜி வடக்கிலிருந்து வந்த சாது. சாமி இரவில் கோயிலை விட்டிறங்கி வந்து அவரோடு பகடை ஆடினார் என்பது கதை. ஒரு நாள் சாமி தோற்று, நகையை வைத்துவிட்டுப் போனார். மறுநாள் பாவாஜிமேல் திருட்டுப் பழி. ஒரு வண்டிக் கரும்பைப் போட்டு அறையில் பூட்டினார்கள், ஒரே இரவில் தின்று தீர்த்தால் நிரபராதி என்று. சாமியே யானையாக வந்து தின்று தீர்த்ததால் பெயரில் ‘ஹாதி’ சேர்ந்தது. அந்தக் காலத்துத் தணிக்கை அப்படி. நகை கணக்கில் குறைந்தால் யானை வந்து சாட்சி சொல்ல வேண்டும். பாவாஜியின் வழிவந்தவர்கள் தொண்ணூறு வருஷம் நிர்வாகம் பார்த்தார்கள். அவர்களுக்கு யானை வரவில்லை, வழக்குகள்தான் வந்தன. 1932-இல் சென்னை சட்டசபை சட்டம் போட, 1933-இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் பிறந்தது.

இன்று மலைமேல் காணிக்கை எண்ணும் இடத்துக்குப் பரகாமணி என்று பெயர். வெகுகாலம் கோயிலுக்குள்ளேயே இருந்தது, 2023-இல் வெளியே புதுக் கட்டடத்துக்கு மாறியது. கொப்பரை நிரம்ப நிரம்ப அங்கே போகிறது. நோட்டு ஒரு பக்கம், சில்லறை ஒரு பக்கம், வெளிநாட்டுக் காசு தனி, நகை தனி. தேவஸ்தான ஊழியர்களோடு சேவைக்கு வரும் அரசு ஊழியர்கள், வங்கிக்காரர்கள், ஓய்வுபெற்றவர்கள் எண்ணுகிறார்கள். ஆயுள் முழுக்கக் குளிரூட்டிய அறையில் அடுத்தவர் பணத்தை எண்ணியவர்கள், இங்கே விடுப்புப் போட்டு வந்து சம்பளமில்லாமல் எண்ணுகிறார்கள். வேட்டியும் பனியனும்தான் உடை. பையுள்ள துணி கூடாது. உள்ளே போகும்போதும் சோதனை, வெளியே வரும்போதும் சோதனை, தலைக்குமேல் காமிரா. பக்தர்தானே என்று யாரையும் விடுவதில்லை. அவமானமாக நினைத்தால் வரவேண்டாம் என்பதுதான் ஏற்பாடு.

2025-26 பட்ஜெட்டில் உண்டியலிலிருந்து மட்டும் 1,729 கோடி ரூபாயை தேவஸ்தானம் எதிர்பார்த்தது. வங்கிகளில் போட்ட பணத்துக்கு வட்டியாக 1,310 கோடி. குபேரனுக்கு வட்டி கட்டுகிறவர் வங்கிகளிடம் வட்டி வாங்குகிறார். கணக்குப்பிள்ளைகள் யாராவது இதை அவர் காதில் ஓதியிருக்க வேண்டும்.

இத்தனை காவலுக்கும் நடுவில் 2023 ஏப்ரலில் ஒருவர் அமெரிக்க டாலர் நோட்டுகளோடு பிடிபட்டார். வெளியாளில்லை, எண்ணுவதை மேற்பார்வை பார்க்க ஒரு மடத்தின் சார்பில் இருந்தவர். சொத்துகளை தேவஸ்தானத்துக்கே எழுதிக் கொடுத்து லோக் அதாலத்தில் வழக்கு சமரசமாக முடிந்தது. 2025-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அதைத் திரும்பக் கிளறி விசாரிக்க உத்தரவிட்டது. சமரசம் செய்துகொள்ள அது யாருடைய பணம்? கொடுத்தவர்கள் ரசீது கேட்கவில்லை. முடிச்சை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் லட்டு வரிசைக்குப் போய்விட்டார்கள். கேட்க ஆளில்லாத பணத்துக்குத்தான் கணக்கு கறாராக இருக்க வேண்டும். உயர் நீதிமன்றம் தலையிட்டது நல்லது.

சேவைக்கு வந்தவர்களுக்கு வேலை முடிந்ததும் தரிசனம். நாள் முழுக்க நாணயத் தூசியில் உட்கார்ந்த கை, கழுவினாலும் உலோக வாசனை போகாது. அவர்களில் ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் முடிச்சை அவிழ்த்துக் கொப்பரையில் போட்டால், அதை எண்ணப்போவது அடுத்து வந்து உட்காரும் வரிசை.