பளபளப்புக்கு மார்க் போடாதீர்கள்!



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டபோது, "எனக்குக் கவிதையெல்லாம் வராதுப்பா, ரெசின் கலக்கத்தான் வரும்" என்றேன். "அப்ப அதையே எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எழுதுகிறேன். படித்துவிட்டு நம் மெக்கானிக்கல் பிரிவு ஆசிரியர்கள் கோபப்படக்கூடாது. பட்டாலும் அதை செஷனல் மார்க்கில் காட்டக்கூடாது!

ஞாயிற்றுக்கிழமை ஆனால் இவன் எங்கே தொலைந்து போகிறான் என்று ஹாஸ்டலில் பலருக்குச் சந்தேகம். துறைமுகப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி நடத்தும் ஒரு கிளப்பில் படகு ரிப்பேருக்கு உதவியாளாகப் போகிறேன். அதற்குக் காரணம் என் மாமா. காசிமேட்டில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர். கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு வந்த காலத்தில் கற்றுக்கொண்ட தொழில். 2004 சுனாமிக்குப் பிறகு கரையெல்லாம் ஃபைபர் படகானதும் அவருக்கு ஓய்வே இல்லை. மீன்பிடி படகும் போட்டிப் படகும் ஒரே கண்ணாடி நார், ஒரே ரெசின்தான். வித்தியாசம் எடையில்தான்.

நான் அதிகம் கை வைப்பது லேசர் என்கிற படகு. கனடாவைச் சேர்ந்த புரூஸ் கிர்பி வடிவமைத்து 1971இல் விற்பனைக்கு வந்தது. 2019இலிருந்து போட்டிகளில் ஐ.எல்.சி.ஏ. என்று பெயர். கிளப்பில் இன்னமும் லேசர்தான்! ஒரே ஒரு ஆள் ஓட்டுவது. நீளம் 4.2 மீட்டர், உடல் எடை சுமார் 59 கிலோ. 1996 அட்லாண்டாவிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. நம் சென்னைப் பெண் நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி என்று 2021இல் பேப்பரில் படித்திருப்பீர்களே, அவர் ஓட்டியது இதே படகுதான், பாய் மட்டும் கொஞ்சம் சின்னது.

இந்தப் படகில் எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே வடிவம். பழுது பார்க்கலாம், ஆனால் பழுது பார்க்கிற சாக்கில் வடிவத்தையோ வேலை செய்யும் விதத்தையோ மாற்றக்கூடாது என்பது விதி. ஆகவே ஜெயிப்பது ஓட்டுகிறவன் திறமை. அந்தத் திறமைக்குக் குறுக்கே நிற்காமல் இருப்பது ரிப்பேர்காரன் திறமை. உள்ளே ஐந்து லிட்டர் கடல்தண்ணி புகுந்தால் ஐந்து கிலோவுக்கு மேல் கூடுதல் சுமை. பந்தயத்தில் அது போதும், கடைசியில் வருவதற்கு.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. கரை ஏறியதும் நல்ல தண்ணியில் கழுவு, பின்பக்க அடைப்பைத் திறந்து வடிய விடு, பாயை ஈரத்தோடு சுருட்டாதே. ஆனால் ஒரு இடம் மட்டும் கவனம். கம்பம் நிற்கிற குழி. கரை மணல் அதற்குள் விழுந்துவிட்டால், கம்பம் திரும்பத் திரும்ப அடியில் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி அரித்துவிடும். சோதிக்க மெஷின் எதுவும் வேண்டாம். குழி நிறையத் தண்ணி ஊற்று, ஒரு டீ குடித்துவிட்டு வா. மட்டம் இறங்கியிருந்தால் படகு அன்றைக்குக் கடலுக்குப் போகக்கூடாது. நடுப்பந்தயத்தில் குழி பெயர்ந்தால் கம்பம் டெக்கைக் கிழித்துக்கொண்டு சாய்ந்துவிடும்.

அப்புறம் கம்பம். இரண்டு துண்டு அலுமினியக் குழாய். மேல்துண்டில் ஒரு ரிவெட் ஓட்டை உண்டு. காற்றில் கம்பம் பின்பக்கம் வளையும்போது முன்முகம் இழுபடும், பின்முகம் அமுங்கும். ஓட்டை இழுபடுகிற பக்கம் இருந்தால் விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். ஸ்ட்ரெங்க்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் இதை இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன். ஆனால் ஒடிந்த குழாயைக் கையில் பிடித்து, ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்த அன்றைக்குத்தான் புரிந்தது. அட, இதைத்தானா சார் போர்டில் வரைந்தார் என்று இருந்தது.

இனி நான் சொல்ல வெட்கப்படுகிற விஷயம்.

போன ஐப்பசியில், மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு சனிக்கிழமை. மறுநாள் பந்தயம். பத்தாவது படிக்கிற ஒரு பையனின் படகு தள்ளுவண்டியிலிருந்து நழுவி சிமெண்ட் சரிவில் இடித்து, அடிப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு வெடிப்பு. அசைத்துப் பார்த்தால் உள்ளே களக் களக் என்று தண்ணி. மாமா வந்து பார்த்தார். "ஈரத்து மேல ஒட்னா நிக்காதுடா. நாலு நாள் காயப்போடு" என்றார். "நாளைக்குப் பந்தயம் மாமா" என்றேன். "பந்தயம் அவனுக்கு. ஒனக்கு இன்னா அவசரம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அவசரம் இருந்தது. பெயர் வாங்குகிற அவசரம்.

தண்ணியை வடித்தேன், துணியால் துடைத்தேன், அசிடோன் தடவினேன். மேலே காய்ந்த மாதிரி இருந்தது. வெடிப்பைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் சாய்வாகத் தேய்த்து எடுக்க வேண்டும், அப்போதுதான் புது நார் பழசைப் பிடிக்கும். நான் பாதிகூடத் தேய்க்கவில்லை. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைத் தாராளமாக விட்டேன். அதிகம் விட்டால் சூடேறி மொறுமொறுப்பாகப் போகும் என்று தெரியும். தெரிந்தே செய்தேன். (கோபால்ட்டை ரெசினில் கலந்த பிறகுதான் ஹார்ட்னர் விட வேண்டும், இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடிக்கும். அதில் மட்டும் ஒழுங்காக இருந்தேன். உயிர் பயம்!) மேலே ஜெல் கோட். ராத்திரி முழுக்க 400, 800, 1200 என்று தண்ணி உப்புத்தாள். காலையில் காம்பவுண்ட் போட்டு மெருகு. முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. வந்தவர்கள் எல்லாரும் தட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பையன் "சூப்பர்ண்ணா" என்றான்.

மூன்றாவது பந்தயத்தில் ஒட்டு தோல் உரிவது போல உரிந்து போயிற்று. படகு கவிழ்ந்தது. கவிழ்வது சகஜம், அடிப்பலகைமேல் ஏறி நின்றால் நிமிர்ந்துவிடும். ஆனால் உள்ளே தண்ணி ஏறிய படகு நிமிரவில்லை. உள்ளே மிதவைகள் இருப்பதால் மூழ்கவில்லை, அவ்வளவுதான். காவல் படகு போய்ச் சேரும்வரை அவன் அலையில் அதைப் பிடித்துக்கொண்டு கிடந்ததை நான் கரையிலிருந்து பார்த்தேன். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தான். கரைக்கு வந்து, உதடு நடுங்க, "பரவாயில்லண்ணா" என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நண்பர்களே, இந்தப் புத்தியை நான் காசிமேட்டில் கற்றுக்கொள்ளவில்லை. எங்கே கற்றேன் என்று யோசித்துப் பாருங்கள். ஃபிட்டிங் ஷாப்பில் வீ ஜாயின்ட் இடைவெளியைக் கிரீஸ் தடவி மறைக்காதவர் எத்தனை பேர்? வெல்டிங் ஜாபில் ஓட்டையை மூடிப் பெயின்ட் அடித்து வைத்தால் பத்துக்கு எட்டு. ரெக்கார்டு நோட்டில் ரீடிங்குகளை விடையிலிருந்து பின்னோக்கிப் போட்டுக்கொள்கிறோம். ஜாபை வெட்டிப் பார்க்கிறவர் யாரும் இல்லை. மேலே பார்த்து மார்க் போடுகிறார்கள். மூன்று வருடம் இதையே பழகியவன் வெளியே போய் என்ன செய்வான்? நான் செய்ததைத்தான் செய்வான்.

இன்னொன்று, "ரிப்பேர்காரன்" என்றால் நமக்கே ஒரு இளக்காரம். புதிதாகச் செய்கிறவனுக்கு டிராயிங் இருக்கிறது. ரிப்பேர் செய்கிறவனுக்கு அது எப்படிச் செய்யப்பட்டது, எப்படி உடைந்தது இரண்டும் தெரிய வேண்டும். எட்டாவது தாண்டாத என் மாமா, படகைத் தட்டிப் பார்த்துச் சத்தத்திலேயே எங்கே நார் பிரிந்திருக்கிறது என்கிறார். டிப்ளமா படிக்கிற நான் பளபளப்பைப் பார்த்து ஏமாந்தேன், மற்றவர்களையும் ஏமாற்றினேன்.

அந்தப் படகை மறுபடி நானே சரிசெய்தேன். காசு வாங்கவில்லை. ஒன்பது நாள் காயப் போட்டேன். அந்த ஒன்பது நாளும் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை, பத்தாம் நாள் உப்புத்தாள் மட்டும் வாங்கி வந்து கொடுத்தார்.

இப்போது கிளப்பில் கழித்துக் கட்டிய பழைய படகு ஒன்று கிடக்கிறது. குழி ஒழுகல், டெக் மெத்தென்று அமுங்குகிறது. இலவசமாகவே தருகிறேன் என்கிறார்கள். ஒர்க்‌ஷாப் பின்பக்கம் அதைக் கொண்டுவந்து போட்டால் ஆறு பேர் ஒரு செமஸ்டர் வேலை பார்க்கலாம். மார்க்கைத் தண்ணியில் போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். துறைத் தலைவரிடம் கேட்டிருக்கிறேன். "பார்க்கலாம்ப்பா" என்றிருக்கிறார். பேரவையும் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும்.

விருப்பமுள்ளவர்கள் என்னிடம் பெயர் கொடுக்கலாம். எந்தப் பிரிவானாலும் சரி. பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். ரெசின் பட்டால் போகாது.