வானம் யாருக்குத் திறந்திருக்கிறது?

உயர்தர வகுப்பிலே பௌதிகம் பயிலும் மாணவன் விமானியாக விரும்புவதில் நாம் குற்றம் காணவில்லை. ஆனால், அவ்விருப்பத்தை முதலாக வைத்து நடைபெறும் வணிகத்தைக் கண்டும் வாய்மூடியிருப்பது ஆசிரியத் தொழிலுக்கு இழுக்காகும்.

“உலகெங்கும் விமானிகளுக்குப் பஞ்சம்” என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. இருபது ஆண்டுகளில் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட புதிய விமானிகள் தேவைப்படுவர் எனப் போயிங் நிறுவனம் 2023இல் மதிப்பிட்டது உண்மையே. ஆயினும் மதிப்பிட்டவர் விமானம் விற்பவர் என்பதை மறத்தல் ஆகாது. அன்றியும், பஞ்சம் எத்தகைய விமானிகளுக்கு? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து எமது நாட்டைவிட்டு அந்நிய விமான சேவைகளுக்குச் சென்றோர், நெடுங்காலம் பறந்து தேர்ந்தவர்கள். அவர்களைச் சுட்டிக்காட்டி, 200 மணித்தியாலம் மட்டும் பறந்த இளைஞனுக்கு ஆசைகாட்டுவது, பேராசிரியருக்கு வந்த அழைப்பைக் காட்டி அரிவரி வகுப்பிலே பணம் அறவிடுவதை ஒக்கும்.

அந்த 200 மணித்தியாலத்துக்காகவே காணி ஈட்டுக்குப் போகிறது. தாயின் நகை அடைவுக்குப் போகிறது. வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் கைக்கு வந்தபின்னரே அடுத்த கதவுகள் தெரிகின்றன. குறித்த ஒரு ஜெற் விமானத்தைச் செலுத்தத் தனித் தகுதி பெறவேண்டும், அதற்கும் பணம். வளைகுடா நாடுகளின் பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான மணித்தியால அனுபவம் கேட்கின்றன. ஐரோப்பிய நிறுவனங்கள் பல, அங்கு வாழவும் தொழில் புரியவும் உரிமை உண்டா என வினவுகின்றன. அமெரிக்காவிலே புதியவன் பயிற்றுநனாகவோ சிறு சரக்கு விமானத்திலோ தொழில் செய்து மணித்தியாலங்களைச் சேர்க்கலாம். சிறு விமானங்கள் அருகிய எமது நாட்டிலோ, ஏணியின் நடுப்படிகளே இல்லை!

“பயன்பெறுபவன் செலவழிப்பதே நீதி” என்பர் சிலர். பேருந்துச் சாரதி, பேருந்தைச் செலுத்துவதற்காக முதலாளிக்குப் பணம் கொடுப்பதுண்டா? துணைவிமானி ஆசனத்தில் அமரப் பணம் கொடுக்கும் வழக்கம் ஐரோப்பாவிலேயே நிலவியது. உழைப்பவனே கூலி கொடுக்கும் இவ்விந்தையை நீதி என்று எவ்வாறு சொல்வது?

2009இல் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே ஒரு பயணிகள் விமானம் வீழ்ந்து 50 பேர் மாண்டனர். விமானியின் தவறான கையாளுகையே காரணமென விசாரணை கண்டது. எனினும், இளம் விமானிகளின் சொற்ப ஊதியமும் களைப்பும் அப்பொழுதே உலகுக்கு வெளிப்பட்டன. 2013இல், துணைவிமானிக்கும் பொதுவாக 1500 மணித்தியாலம் வேண்டும் என்ற விதி அங்கு நடைமுறைக்கு வந்தது. மணித்தியாலம் கூடியது, அதற்கு யார் செலவழிப்பது என்ற வினா மட்டும் நின்றுவிட்டது.

1945 முதல் இலவசக் கல்வி கண்ட நாடு இது. கமக்காரனின் மகன் வைத்தியனாவதற்குப் பொதுப்பணம் வழிசெய்தது. அதே மகன் விமானியாவதற்கு மட்டும் தந்தையின் காணி உறுதி வேண்டுமாம்! திறமை கண்டு தெரிவுசெய்து, நிறுவனச் செலவிற் பயிற்றி, நியாயமான ஊதியத்துடன் குறித்த காலம் சேவைபெறும் முறையே எமது கோரிக்கை. பின்னர் அவன் கடல் கடப்பின், கடனாளியாகவன்றித் தொழிலாளியாகக் கடப்பான்.

அதுவரை மாணவர்க்கு ஒன்று சொல்வோம்: முதலாந்தர மருத்துவப் பரிசோதனையில் தேறுமுன் ஒரு சதமேனும் கட்டாதீர்கள். பயிற்சி நிலையத்தாரிடம், “எத்தனை பேரைப் பயிற்றினீர்கள்?” என்று கேளாதீர்கள், “அவர்களுள் எத்தனை பேர் இன்று ஊதியம் பெற்றுப் பறக்கிறார்கள்?” என்று கேளுங்கள். விடை வரும்வரை காணி உறுதி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.